புல்லுக்கட்டும் கறலும் கொண்டுபோன சிக்னல் லைற்றுகள்: 6 வோல்ற் ஹொண்டா ஒன்றின் நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்து அராலியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மோட்டார் சைக்கிள் இந்த ஆய்வின் பொருள். 1980களின் முற்பகுதியைச் சேர்ந்த, 90 சீ.சீ. ஒற்றைச் சிலிண்டர் ஹொண்டா வண்டி அது. நான்கு சிக்னல் லைற்றுகளில் மூன்று தண்டோடு இல்லாமற் போயிருந்தன. எஞ்சியிருந்த பின் இடது லைற்றின் கண்ணாடி உடைந்து, உள்ளே பல்ப் கறல் பிடித்து இறுகியிருந்தது. சிக்னலை மினுங்க வைக்கும் பிளாஷர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வயர்கள் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டு, கறுப்பு ரேப் சுற்றப்பட்டுக் கிடந்தன. மீற்றருக்குள் இருந்த சிக்னல் காட்டி பல்ப் மட்டும், எவரும் அதுவரை திறந்து பாராத காரணத்தால், முழுமையாக இருந்தது.

வண்டி சிக்னல் இல்லாமல் ஓடிய காலம் நீண்டது. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரத்துத் தடைப்பட்டிருந்தபோது, காபிரேற்றருக்குச் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைத் தொடக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய வண்டிகளில் இதுவும் ஒன்று. பற்றறிகளும் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் இருந்தமையால் பழைய பற்றறி செத்த பின் புதியது போடப்படவில்லை. இந்த வண்டியின் தீப்பொறிக்கும் முன் லைற்றுக்கும் வேண்டிய மின்சாரத்தை, இயந்திரத்தோடு சுழன்று மின் உண்டாக்கும் மக்னெற்றோ நேரடியாகக் கொடுப்பதால் பற்றறி இல்லாமலே அது ஓடும். சிக்னல், ஹோண், பிறேக் லைற் ஆகியவை மட்டும் ஓய்ந்துவிடும். எரியாத லைற் உடைந்தால் அதை மாற்றுவதற்கு எவருக்கும் அவசரம் இராது. முன்னிரண்டும் அவ்வாறுதான் வெவ்வேறு விழுகைகளில் போயின. பின் வலது லைற்றின் கதை வேறு. ஆசிரியர் பசுக்களுக்குப் புல்லுக்கட்டைப் பின் கரியரில் குறுக்காக வைத்துக் கட்டி வருவார். கட்டு சரியும்போது அதன் பாரம் முழுவதும் லைற்றுத் தண்டில் இறங்கும். இந்த விபரம் பின்னர் லைற்றுகளுக்கு இடம் தெரிவு செய்தபோது தேவைப்பட்டது.

கைச் சைகை போதாதா என்ற கேள்வியை முதலிலேயே முடித்துவிடலாம். இடப்பக்கமாக ஓடும் நம் வீதிகளில் எதிரே வரும் வாகனங்களை ஊடறுத்துச் செல்லும் ஆபத்தான திருப்பம் வலப்பக்கத் திருப்பமே. அதற்குக் காட்ட வேண்டிய கை வலக்கை. அக்சிலேற்றரையும் முன் பிறேக்கையும் பிடித்திருக்க வேண்டியதும் அதே கை. வேகத்தைக் குறைத்துத் திரும்ப வேண்டிய அந்த நேரத்தில் கையை எடுப்பது, கரியரில் பாரம் உள்ள வண்டியில், நல்ல பழக்கமன்று. இரவில் கல்லுண்டாய் வெளியில் அந்தக் கை யாருக்கும் தெரியப் போவதுமில்லை. பொலிசார் மறித்தால் எழுதும் தண்டம் இதற்கெல்லாம் பிறகு வருவது.

“தம்பி, நாலு லைற்றையும் வாங்கிப் பூட்டினால் முடிஞ்சுதானே?” என்று ஆசிரியர் கேட்டார். அவருடைய மகன் ஏற்கெனவே நகரில் நான்கு எல்.ஈ.டி. சிக்னல் லைற்றுகளை வாங்கி வந்திருந்தார். அழகானவை, விலையும் மலிவு. “மாஸ்ரர், முதலில பற்றறியைப் பாப்பம்” என்பதே அதற்கு என் மறுமொழி. பக்க மூடியைக் கழற்றியபோது பற்றறியின் தலையில் மூன்று மூடிகள் இருந்தன. ஈய அமிலப் பற்றறியின் ஒரு கலம் ஏறத்தாழ 2 வோல்ற் தரும்; ஆகவே மூன்று மூடி என்றால் 6 வோல்ற், ஆறு மூடி என்றால் 12 வோல்ற். அக்காலத்து ஹொண்டா சிறு வண்டிகளில் இரு வகையும் உண்டு. வண்டியின் வெளித்தோற்றத்தைக் கொண்டு எது என்று சொல்ல முடியாது.

எல்.ஈ.டி. லைற்றுகள் 12 வோல்ற்றுக்கானவை. அவற்றில் ஒன்றைப் புதிய 6 வோல்ற் பற்றறி ஒன்றில் நேரடியாகத் தொட்டுப் பார்த்தபோது, உற்றுப் பார்த்தாலன்றித் தெரியாத மங்கலான செம்மஞ்சள் புள்ளிகள் மட்டும் தோன்றின. காரணம் எளியது. செம்மஞ்சள் எல்.ஈ.டி. ஒன்று எரிய 2 வோல்ற்றுக்குச் சற்று மேல் வேண்டும். 12 வோல்ற் லைற்றுகளில் பொதுவாக மூன்றைத் தொடராக இணைத்து, அவற்றோடு மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ஒரு தடையியையும் சேர்த்திருப்பார்கள். மூன்றுக்குமாக 6 வோல்ற்றுக்கு மேல் தேவைப்படும்போது 6 வோல்ற் பற்றறியிடம் கொடுப்பதற்கு எதுவும் மிஞ்சாது. லைற்றில் பழுது இல்லை. வண்டிதான் அதற்கு உரியதன்று.

இந்த இடத்தில் மூன்று வழிகள் இருந்தன. வண்டி முழுவதையும் 12 வோல்ற்றுக்கு மாற்றலாம். ஆனால் அதற்கு மக்னெற்றோச் சுருளைத் திரும்பச் சுற்றுவதோ மாற்றுவதோ மட்டுமன்றி, மக்னெற்றோவின் மின்னைப் பற்றறிக்கு ஏற்றதாக மாற்றும் றெக்ரிபயர், ஹோண், எல்லா பல்புகள் என அனைத்தையும் புதிதாக்கவும் வேண்டியிருக்கும். நாற்பது ஆண்டுகள் கெடாமல் தீப்பொறி தந்துகொண்டிருக்கும் மக்னெற்றோவைச் சிக்னலுக்காகக் கழற்றுவதை நான் எப்போதும் ஆதரிப்பதில்லை. 6 வோல்ற் எல்.ஈ.டி. பல்புகளை வெளியிலிருந்து தருவிக்கலாம். மின் தேவை குறையும், ஆனால் ஒன்று போனால் அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டும். மூன்றாவது வழி, வண்டி எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கே திரும்புவது: 6 வோல்ற் 10 உவாற்று இழை பல்புகளும் அதற்குரிய பிளாஷரும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது முதல் 2025 தொடக்கத்தில் அது மீள அனுமதிக்கப்படும்வரை பழைய வண்டிகளைத் திருத்தி ஓடுவதைத் தவிர வேறு வழி இல்லாதிருந்தமையால், பழைய உதிரிப்பாகங்களைத் தேடி வைத்திருக்கும் கடைகள் யாழ்ப்பாணத்தில் உள்ளன. பல்பும் பிளாஷரும் கிடைத்தன. மூன்றாவது வழியே தெரிவாயிற்று.

அடுத்த வேலை லைற் பூட்டுவதன்று. எஞ்சியிருந்த வயர்களை வாசிப்பது. ஹொண்டா வண்டிகளில் வயர் நிறங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இளநீலம் வலப்பக்கச் சிக்னலுக்கும் ஒரஞ்சு இடப்பக்கச் சிக்னலுக்கும் உரியவை. சாம்பல் நிறம் பிளாஷரிலிருந்து சுவிச்சுக்குச் செல்லும். கறுப்பு, திறப்பைப் போட்டதும் மின் வரும் வயர். பச்சை, பற்றறியின் எதிர் முனையோடும் வண்டியின் உடலோடும் சேர்ந்தது. யமஹாவிலோ சுசுக்கியிலோ இந்த ஒழுங்கு வேறு. யமஹாவில் வண்டி உடலோடு சேரும் வயர்தான் கறுப்பு. ஒன்றில் பழகிய கை மற்றதில் நிறத்தை நம்பி இணைத்தால் பியூஸ் போகும். இந்த வண்டியில் முறுக்கிக் கிடந்த இரண்டு வயர்களும் கறுப்பும் சாம்பலும். அதாவது, பிளாஷர் கெட்டபோது யாரோ அதைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டையும் இணைத்திருக்கிறார்கள். அதன் பிறகு சிக்னல் மினுங்காமல் தொடர்ந்து எரிந்திருக்கும். பியூஸ் கூட்டைத் திறந்தபோது கண்ணாடிப் பியூஸ் இருந்தது, ஆனால் அது முழுவதும் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளால் சுற்றப்பட்டிருந்தது. 10 அம்பியர் பியூஸ் ஒன்றின் விலையை மிச்சம் பிடிப்பதற்காக வண்டியின் முழு வயர்த் தொகுதியையும் பணயம் வைத்த வேலை இது.

பழைய பிளாஷர் இல்லாதது ஒரு வகையில் உதவியாயிற்று. மினுங்கும் லைற்றில் வோல்ற்றளவை அளக்க முடியாது. வோல்ற்மீற்றரின் இலக்கம் நிலைக்காது. கறுப்பையும் சாம்பலையும் தற்காலிகமாக இணைத்தே விட்டு, புதிய பற்றறியும் சரியான பியூசும் போட்டு, எஞ்சியிருந்த பின் இடது லைற்றில் புதிய பல்பைப் பொருத்தி எரிய விட்டேன். பல்ப் எரிந்தது, ஆனால் மெழுகுதிரி எரிவது போல. பற்றறியில் 6.1 வோல்ற் இருந்தது. பல்பின் இரு முனைகளுக்கும் இடையில் 4.5 மட்டுமே. 1.6 வோல்ற் வழியில் எங்கோ தங்கிவிட்டது.

இழை பல்பின் ஒளி வோல்ற்றளவுக்கு நேர்விகிதமாகக் குறைவதில்லை. ஏறத்தாழ அதன் 3.4ஆம் அடுக்குக்கேற்பக் குறைகிறது. 6 வோல்ற்றுக்கான பல்புக்கு 4.5 கிடைத்தால், அதாவது முக்கால் பங்கு கிடைத்தால், ஒளி முக்கால் பங்காக இராது. ஐந்தில் இரண்டு பங்குக்கும் சற்றுக் கீழே போய்விடும். 12 வோல்ற் வண்டியில் இதே 1.6 வோல்ற் போயிருந்தால் லைற் மங்கல் என்று யாரும் குறைப்பட்டிருக்க மாட்டார்கள். 6 வோல்ற் வண்டியில் அதே உவாற்றுக்கு இரண்டு மடங்கு மின்னோட்டம் பாய வேண்டியிருக்கிறது. ஒரே தடையில் இழப்பும் இரண்டு மடங்காகிறது. இழக்கும் வோல்ற்றளவோ பாதி கையிருப்பிலிருந்து போகிறது. பழைய 6 வோல்ற் வண்டிகளின் சிக்னல்களை “இயல்பாகவே மங்கல்” என்று பலர் சொல்வது நியாயமன்று. அவை புதிதாக இருந்தபோது மங்கலாக இருக்கவில்லை.

இழப்பு எங்கே என்பதைக் கண்டுபிடிக்க வயர்களை அறுக்கத் தேவையில்லை. லைற் எரிந்துகொண்டிருக்கும்போது வோல்ற்மீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் எதிர் முனையிலும் மற்றதை லைற்றின் உலோக உடலிலும் வைத்தால், வண்டி உடல் வழியாகத் திரும்பும் பாதையில் போகும் வோல்ற்றளவு நேராகத் தெரியும். இங்கே அது 0.9 வோல்ற். அதேபோலப் பற்றறியின் நேர் முனைக்கும் பல்பின் அடித் தொடுகைக்கும் இடையே 0.7. ஆக, கூடிய குற்றவாளி திரும்பும் பாதை.

இவ்வண்டியின் லைற்றுத் தண்டு இரும்புக் குழாய். அது பின் மட்காட்டில் இறுக்கப்படும் இடமே அதன் எதிர் இணைப்பும். மட்காட் எப்போதோ வண்டியோடு சேர்த்துத் தடிப்பாகப் பெயின்ற் அடிக்கப்பட்டிருந்தது. பெயின்ற் மின்கடத்தாது; ஆகவே மின்னோட்டம் நட்டின் புரி வழியாக மட்டும் போய்வந்தது. கடலேரிக் காற்றில் அந்தப் புரியும் கறல் ஏறி, கழற்றும்போது செம்பொடியாய் உதிர்ந்தது. தண்டைக் கழற்றி மட்காட்டின் அடிப்பக்கத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்குவதே வழமையான திருத்தம். நான் அதைச் செய்யவில்லை. இந்தக் காற்றில் சுரண்டிய இரும்பு சில மாதங்களுக்குள் திரும்பவும் கறல் பிடிக்கும். பதிலாக, நான்கு லைற்றுகளுக்கும் தனித்தனிப் பச்சை வயர் இழுத்து, பின்னிரண்டையும் நேரே பற்றறியின் எதிர் முனைக்கும், முன்னிரண்டையும் ஹெட்லைற் கூட்டுக்குள் ஒன்றாக்கி அங்கிருந்து அதே முனைக்கும் கொண்டு வந்தேன். 1 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரின் தடை ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 0.017 ஓம், 1.7 அம்பியர் ஓடும் ஒரு பல்புக்கு இரண்டு மீற்றர் வயரில் போவது 0.06 வோல்ற் மட்டும். முன்பு போனதோ 0.9.

நேர்ப் பக்கத்து 0.7 வோல்ற்றில் பெரும்பகுதி ஹான்டிலில் உள்ள சிக்னல் சுவிச்சில் தங்கியிருந்தது. அதைத் திறந்தபோது பித்தளைத் தொடுகைகள் பச்சைக் களிம்பு ஏறி, கிறீஸ் காய்ந்து கறுத்த பொருக்காக மாறியிருந்தது. பழப்புளி போட்டுத் தேய்த்தால் குத்துவிளக்கு மாதிரி வந்துவிடும் என்று ஆசிரியர் சொன்னார். களிம்பைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான், ஆனால் சுவிச்சின் மூலைமுடுக்கில் எஞ்சும் புளிப்பு மறுபடியும் களிம்பையே வளர்க்கும். ஆகவே நுண்ணிய சான்ட் பேப்பர் துண்டால் மெதுவாகத் தேய்த்து, பெற்றோலால் கழுவி, உலர்ந்த பின் மெல்லிய கிறீஸ் பூசினேன். சுவிச்சைத் திறப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உள்ளே ஒரு சிறு எஃகு உருண்டையும் வில்லும் இருக்கும், மூடியைத் தூக்கிய கணமே அவை தெறித்துப் போகும். துணியொன்றை விரித்து அதன் மேல் வைத்துத் திறப்பது நல்லது.

இவ்வளவும் முடிந்த பிறகு அதே பல்பில் அளந்தபோது 5.7 வோல்ற் கிடைத்தது. மேற்சொன்ன கணக்கின்படி ஒளி இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்க வேண்டும். கண்ணுக்கும் அப்படியே தெரிந்தது. எஞ்சிய 0.4 வோல்ற் திறப்புச் சுவிச்சிலும் பியூஸ் கூட்டிலும் பழைய நேர் வயரிலும் பகிர்ந்து போகிறது. அதைத் தொடரவில்லை.

லைற்றுகளைப் பொருத்துவதில் ஒரேயொரு சிந்தனைக்குரிய இடம் பின்பக்கம். பழைய துளைகளில் பொருத்தினால் புல்லுக்கட்டு திரும்பவும் அவற்றை முறிக்கும். உட்பக்கமாகத் தள்ளினால் இரண்டும் நெருங்கி, தூரத்தில் வருபவருக்கு எந்தப் பக்கம் மினுங்குகிறது என்று பிரித்தறிய முடியாது. மோட்டார் சைக்கிள் லைற்றுகளுக்கான ஐக்கிய நாடுகளின் 53ஆம் இலக்க ஒழுங்குவிதி முன்னிரண்டுக்கும் இடையே குறைந்தது 240 மில்லிமீற்றரும், பின்னிரண்டுக்கும் இடையே 180 மில்லிமீற்றரும், தரையிலிருந்து 350 முதல் 1,200 மில்லிமீற்றருக்குள் உயரமும் கேட்கிறது. அதை அளவுகோலாகக் கொண்டு, கரியருக்குக் கீழே, இலக்கத் தகட்டுக்கு மேலே ஒரு தட்டை இரும்பு குறுக்காகப் போடப்பட்டது. இடைவெளி 180ஐ விடத் தாராளமாகவே கிடைத்தது. லைற்றின் வெளி விளிம்பு கரியரின் விளிம்பைத் தாண்டவில்லை. தண்டுக்கு இரும்பு அல்லாமல் றப்பர் தெரிவு செய்யப்பட்டது. கட்டு சரிந்தால் வளையும், முறியாது. றப்பர் மின்கடத்தாது என்ற குறை, பச்சை வயர் தனியாகப் போனதால், இங்கே பொருட்டன்று. ஆயினும் புல் கட்டின் நுனிகள் பின்னால் தொங்கினால் லைற் மறையும். கட்டைக் குறுக்காக அல்லாமல் நீளமாக வைத்துக் கட்டும்படி கேட்டதற்கு ஆசிரியர் சிரித்தார். அது நடக்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை.

புதிய பிளாஷர் 6 வோல்ற், இரண்டு 10 உவாற்று பல்புக்கானது என்று அதன் தகரத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தது. இரு முனைகள்; “பி” எனப்பட்டது பற்றறிப் பக்கம், ஆகவே கறுப்பு; “எல்” எனப்பட்டது லைற் பக்கம், ஆகவே சாம்பல். உள்ளே இருப்பது சூட்டால் வளையும் ஈருலோகத் தகடு. பல்புகளுக்குப் போகும் மின்னோட்டமே அதைச் சூடாக்கி வளையச் செய்கிறது. தொடுகை விடுபட்டதும் அது ஆறித் திரும்புகிறது. ஆகவே பிளாஷரின் வேகம் பல்புகளின் உவாற்றைப் பொறுத்தது. இரண்டு 10 உவாற்று பல்புக்கு 3.3 அம்பியர் ஓடும். மங்கலாக்கும் தடை வழியில் இருந்தால் மின்னோட்டம் குறைந்து, பிளாஷர் தூங்கி வழியும் அல்லது எரிந்தபடியே நிற்கும். இதனால்தான் பிளாஷர் கெட்டுவிட்டது என்று எறியப்பட்ட பலவற்றில் கெட்டது பிளாஷராக இருப்பதில்லை. இந்த வண்டியிலும் அப்படியே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதிர்வு தொடுகையைக் கெடுக்காதபடி பிளாஷர் றப்பர் பட்டியில் தொங்கவிடப்பட்டது. இயந்திரம் ஓடும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 தடவை மினுங்கியது. 60க்கும் 120க்கும் இடைப்பட்டதே ஏற்கப்பட்ட எல்லை. இயந்திரம் மெதுவாக உறுமும்போது பிறேக்கையும் மிதித்தால் 65 அளவுக்கு இறங்குகிறது. 4 அம்பியர்-மணிப் பற்றறியும் சிறு சார்ஜ் சுருளும் உள்ள வண்டியில் அது எதிர்பார்க்கத் தக்கதே. கொக்குவிலில் புகையிரதக் கடவை மூடியிருக்கும்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிக்னலை மினுங்க விட்டபடி காத்திருப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

மகன் வாங்கிய எல்.ஈ.டி. லைற்றுகள் வீணாகவில்லை. அவருடைய சொந்த 12 வோல்ற் வண்டியிலும் சிக்னல்கள் உடைந்திருந்தமையால் அவை அங்கே பூட்டப்பட்டன. உடனே வேறொரு கோளாறு தோன்றியது: முதலில் எதுவும் மினுங்கவில்லை, மின்னோட்டத்தைப் பொருட்படுத்தாத இலத்திரனியல் பிளாஷர் போட்ட பிறகு, இடப்பக்கம் போட்டாலும் வலப்பக்கம் போட்டாலும் நான்கும் சேர்ந்து மினுங்கின. கடைக்காரர் சுவிச்சை மாற்றச் சொன்னாராம். சுவிச்சில் பிழை இல்லை. அவ்வண்டியின் மீற்றரில் இருபக்கத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு காட்டி பல்ப் உண்டு. அது இடது வயருக்கும் வலது வயருக்கும் நடுவே இணைக்கப்பட்டிருந்தது. இடப்பக்கம் எரியும்போது அந்தப் பல்பின் மின்னோட்டம் வலப்பக்க பல்புகள் வழியாகவே திரும்புகிறது. ஆசிரியரின் வண்டியிலும் இணைப்பு இதே மாதிரிதான். ஆனால் அங்கே 1.7 உவாற்றுக் காட்டியின் 0.28 அம்பியர் இரண்டு பல்புகளுக்குள் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் அதன் தேவையில் பத்திலொரு பங்குகூடக் கிடைக்காதபடியால் இழை சிவக்கவே மாட்டாது. எல்.ஈ.டி.க்கோ அந்தச் சிறு மின்னோட்டமே முழுதாக எரியப் போதுமானது.

திருத்தம், மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் இரண்டு இருவாயிகள். காட்டி பல்பை இரு வயர்களிலிருந்தும் பிரித்து, அதன் ஒரு முனையை வண்டி உடலோடு சேர்த்து, மற்ற முனைக்கு இடது வயரிலிருந்து ஒன்றும் வலது வயரிலிருந்து ஒன்றுமாக 1என்4007 வகை இருவாயிகள், வெள்ளிக் கோடு இட்ட முனை பல்பை நோக்கியிருக்க, ஈயம் பற்றவைத்து இணைக்கப்பட்டன. ஒரு பக்கத்து மின் பல்புக்கு வரலாம், மறுபக்கத்துக்குக் கடக்க முடியாது. ஆசிரியரின் வண்டிக்கு எப்போதாவது 6 வோல்ற் எல்.ஈ.டி. பூட்டுவதானால் அதற்கும் இதே இணைப்பு வேண்டும்; ஆனால் சாதாரண இருவாயி ஒன்றில் 0.7 வோல்ற் போய்விடும் என்பதால், அங்கே இழப்புக் குறைந்த ஷொட்கி வகையைப் போடுவது நல்லது.